சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுக் கடையில் ஒரு கணக்கு மென்பொருள்

ஆத்தூரில் ஜவ்வரிசி ஆலை நடத்தும் மச்சான், “நீங்க கடையில வெச்சிருக்கற அந்த சாஃப்ட்வேரை நானும் வாங்கலாமா மாப்ள?” என்று கேட்டார். கேட்ட வாரம்தான் எனக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை ஏற்றியிருந்தார்கள். அந்த எரிச்சலும் இதில் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம்.

முதலில் நல்லது. வெள்ளிக் கணக்கு ரூபாயில் மட்டும் ஓடாது, எடையிலும் ஓடும். சிவதாபுரத்துப் பட்டறைக்கு 1000 கிராம் சுத்த வெள்ளி கொடுத்து, 80 டச்சில் (அதாவது நூற்றுக்கு 80 பங்கு சுத்த வெள்ளி) 1200 கிராம் கொலுசு வந்தால், சுத்தத்தில் 960 கிராம் வரவு. மீதி 40 கிராமில் சேதாரம் எவ்வளவு, பட்டறையில் நிற்பது எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். கூலி தனி. இதைக் கால்குலேட்டர் இல்லாமல் போட்டுக் காட்டுகிறது. பொதுவான பில்லிங் மென்பொருள்களில் பெரும்பாலும் இதற்கு இடம் இருக்காது, எக்செல்லில் தனியாக ஓட்ட வேண்டும்.

அதைவிட எதிர்பாராமல் பிடித்தது திருத்தப் பதிவு, அதாவது கணக்கில் யார் எதை மாற்றினாலும் குறித்து வைப்பது. கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் சட்டப்படி கட்டாயம். என்னைப் போன்ற தனிக் கடைக்குக் கட்டாயமில்லை, இருந்தும் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ரசீதில் 412.350 கிராம் இருந்தது மாலையில் 412.530 ஆனது. யார் மாற்றினது, எத்தனை மணிக்கு, முன்னால் என்ன இருந்தது, மூன்றும் ஒரே வரியில். மாற்றினவரைக் கேட்டால், இரண்டு இலக்கம் இடம் மாறி ஏறியதைத் திருத்தினாராம். சீட்டை எடுத்துப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. அந்த வரி இல்லையென்றால் ஒரு வாரம் மனசில் அரித்திருக்கும்.

இப்போது வயிற்றெரிச்சல். புதுப் பெயர் சேர்க்கும்போது இது வாயே திறப்பதில்லை. ஒரே பட்டறைக்காரர் “செந்தில்”, “செந்தில் பனங்காடு”, “செந்தில் கொலுசு” என்று மூன்று பேராக உட்கார்ந்திருக்கிறார். போன் நம்பரும் ஒன்றேதான், அப்படியும் “இவர் ஏற்கெனவே இருக்கிறாரே” என்று ஒரு கேள்வி கிடையாது. ஒரு பெயரில் வெள்ளி பாக்கி, இன்னொன்றில் அதே வெள்ளி வரவு. மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியல் எடுத்தால் வண்ண வண்ணமாகப் படம் வருகிறது, பார்க்க அழகு. அதை நம்பிப் பட்டறையில் போய் 40 கிராம் கேட்டால் மரியாதை போகும். சரி, பெயர்களை ஒன்றாக்கிக் கொடுங்கள் என்று சப்போர்ட்டில் கேட்டால், “அடுத்த வெர்ஷன்ல வருது சார்.” போன வருடமும் அதே பதில்தான்.

பெயர் சேர்க்கும் உரிமையை ஒருவருக்கு மட்டும் வைத்துப் பூட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பில் போடுகிறவர் எல்லோரும் பெயர் சேர்க்கலாம்.

ஜிஎஸ்டி பக்கம் குறை சொல்ல முடியாது. 14-ம் தேதி 2பி (சப்ளையர்கள் ஜிஎஸ்டி தளத்தில் நம் பெயரில் ஏற்றிய பில்களின் பட்டியல்) வந்ததும் இறக்கி, கொள்முதல் பில்லோடு ஒப்பிட்டு, சப்ளையர் ஏற்றாததைச் சிவப்பில் காட்டுகிறது. 20-ம் தேதி 3பி என்கிற மாதக் கணக்கைக் கொடுத்து வரி கட்டுவதற்குள் போன் போட்டுத் துரத்த நேரம் கிடைக்கும். 2பி-யில் வராத பில்லுக்கு வரி வரவு எடுக்க முடியாது, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது என்பதால் இந்த ஒன்றுக்கே காசு தேறிவிடும்.

மச்சானுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு மரவள்ளி லோடு மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்து விலை ஆகும். டச் போடும் இடத்தில் பாயிண்ட்டைப் போட்டு ஒப்பேற்றலாம்தான். ஆனால் கிழங்கு கொண்டுவரும் விவசாயிகளில் பாதிப் பேர் ராமசாமி, பழனிசாமி. ஒரு சீசனிலேயே அவர் பைத்தியமாகிவிடுவார்.

நான் புதுப்பித்துவிட்டேன். மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். ஒரு வருடத்துக்குத்தான் கட்டினேன், அதுவும் 2பி-க்காக.