பட்டாம்பூச்சி அட்டைகள்: 180 ராண்டு கொடுக்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு சனிக்கிழமைச் சந்தையில் வாங்கினேன். துணிப்பையில் 24 அட்டைகள், கூடவே ஒரு சின்ன பூதக்கண்ணாடி. எங்கள் வீட்டில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி, அவளுக்கு எதைப் பார்த்தாலும் "ஆரஞ்சுப் பூச்சி", "மஞ்சள் பூச்சி" என்று இரண்டே ஜாதிதான், அதை மாற்றலாம் என்றுதான் வாங்கினேன்.

நிறத்தைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள், எனக்குப் பிடித்ததே அதுதான். முதலில் மீசையைப் பார், நுனியில் குண்டு இருக்கிறதா? இருந்தால் பட்டாம்பூச்சி, இறகு மாதிரியோ வெறும் நூல் மாதிரியோ இருந்தால் பெரும்பாலும் அந்துப்பூச்சி. அப்புறம் கால்களை எண்ணு. எண்ணினாள், நாலுதான். "அம்மா, ரெண்டு கால் ஒடிஞ்சுபோச்சு" என்று ஒரே சோகம். ஒடியவில்லை, அந்தப் பட்டாம்பூச்சியின் குடும்பத்துக்கே முன்னங்கால் இரண்டும் சுருங்கி நெஞ்சோடு ஒட்டியிருக்கும், நடப்பதெல்லாம் நாலு காலில்தான் என்று அட்டையின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டிய பிறகுதான் சமாதானமானாள்.

காசுக்குப் பெறுமானம் ஒரே ஒரு அட்டை. ஒரு பக்கம் ஆப்பிரிக்கன் மோனார்க், அதாவது ஊரில் எருக்கஞ்செடியைச் சுற்றுமே அதே வெந்தய வரியன். மறுபக்கம் காமன் டயடெம் என்கிற வேறொரு பட்டாம்பூச்சியின் பெண். இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான் என்று நானே சொல்லியிருப்பேன். மோனார்க் பறவைக்கு ஆகாத விஷம், டயடெம் பெண் அந்த வேஷத்தைப் போட்டுக்கொண்டு பிழைக்கிறது. எப்படிப் பிரிப்பது? பின் இறக்கை நடுவில் மூன்று நான்கு கரும்புள்ளிகள் இருந்தால் மோனார்க், நடுவில் ஒன்றும் இல்லாமல் மேல் விளிம்பில் மட்டும் ஒரு புள்ளி இருந்தால் டயடெம். இப்போது தெருவில் எந்த ஆரஞ்சைக் கண்டாலும் புள்ளி எண்ணாமல் நகர மாட்டேன் என்கிறாள், பள்ளிக்கு இரண்டு நாள் தாமதம்.

குறையும் சொல்ல வேண்டும். எல்லாப் படமும் இறக்கை விரித்த படம். செடியில் உட்காருவதோ பாதி நேரம் மூடிக்கொண்டு, அடிப்பக்கம் எப்படியிருக்கும் என்பதற்கு ஒரு படம்கூட இல்லை. சிட்ரஸ் ஸ்வாலோடெயில் அட்டையில், பெயரில் வால் இருக்கிறதே, பூச்சிக்கு வால் எங்கே என்று கேட்டாள். அந்த இனத்துக்கு வாலே கிடையாது, அதை ஒரு வரியில் போட்டிருக்கலாம். அதன் புழு கறிவேப்பிலையையும் தின்னும் என்பதும் அட்டையில் இல்லை, எங்கள் தொட்டிச் செடியே சொல்லிக்கொடுத்தது. முதலில் பறவை எச்சம் மாதிரி இருந்தது, வளர்ந்ததும் பச்சையாகி, தொட்டால் தலைக்குப் பின்னால் ஆரஞ்சுக் கொம்பு ஒன்றை நீட்டி நாற்றமடிக்கிறது. சாம்பாருக்கு இலை இப்போது கடையில் வாங்குகிறோம்.

லேமினேஷன் மோசம். டர்பன் புழுக்கத்தில் மூன்றே வாரத்தில் ஓரம் பிரிந்துவிட்டது. விற்றவரிடம் சொன்னேன், சிரித்தார், அவ்வளவுதான். பூதக்கண்ணாடியில் எல்லாம் மங்கல்.

ஆறு வயதுக்கு மேல் என்றால் வாங்கலாம், அதற்குக் கீழே புள்ளி எண்ணப் பொறுமை இருக்காது. வாங்கிய அன்றே ஓரங்களில் டேப் ஒட்டிவிடுங்கள், மூலையில் துளை போட்டு ஒரு வளையத்தில் கோத்தால் தோட்டத்தில் காற்றுக்குப் பறக்காது.