கோடிங்கிலிருந்து வெஞ்சர் கேபிட்டலுக்கு: எந்த வாசல்?

ஐடியில் பத்துப் பதினைந்து வருடம் ஓட்டியவர்களுக்கு ஸ்டார்ட்அப்களில் முதலீடு செய்யும் வெஞ்சர் கேபிட்டல் வேலைமேல் ஒரு கண் வந்துவிடுகிறது. போக மூன்று வாசல் உண்டு.

சொந்தக் கம்பெனி நடத்திவிட்டுப் போவது முதலாவது. வினோத் கோஸ்லா 1982-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்கிற கம்ப்யூட்டர் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர்; 1986-ல் கிளைனர் பெர்கின்ஸ் என்கிற வெஞ்சர் கேபிட்டல் நிறுவனத்துக்குப் போனார். சம்பளம் போடப் பணமில்லாத மாதம் எப்படியிருக்கும் என்று தெரிந்தவரிடம் நிறுவனர்கள் தானாக வந்து பேசுவார்கள். ஆனால் முதலீட்டாளர் ஆவதற்காகவே கம்பெனி தொடங்குகிறேன் என்பவரை நான் நம்பமாட்டேன்.

வேலையிலிருந்து நேராக ஃபண்டில், அதாவது பலரிடம் திரட்டிய பணத்தை ஸ்டார்ட்அப்களில் போடும் நிறுவனத்தில், சேருவது அடுத்தது. 1974-ல் இன்டெல்லில் சேர்ந்த ஜான் டோர், 1980-ல் கிளைனருக்குப் போனது இப்படித்தான். அடுத்தவர் பணத்தில் தொழில் கற்கலாம் என்பது பெரிய வசதி. வருமானக் கணக்குதான் இடிக்கும். வழக்கமான ஏற்பாட்டில் ஃபண்டை நடத்துபவர்களுக்கு நிர்வாகக் கட்டணம் வருடத்துக்கு 2 சதவீதம், லாபத்தில் பங்கு 20 சதவீதம். 100 கோடி ஃபண்டுக்குக் கட்டணம் 2 கோடி; வாடகை, வக்கீல், பார்ட்னர்கள் எல்லாம் போக மிஞ்சுவதில்தான் அசோசியேட்டாக, அதாவது பார்ட்னருக்குக் கீழே, சேருபவரின் சம்பளம். சீனியர் இன்ஜினியராக இருந்தவருக்கு இது பெரும்பாலும் இறக்கம்தான். லாபப் பங்கு என்கிற 'கேரி' ஃபண்டின் பத்து வருட ஆயுளில் பின்பாதியில் வரும், வந்தால். அதுவரை ஒரு கம்பெனியில் பணம் போடலாமா என்று அலசி மெமோ எழுதுவீர்கள், நிறுவனரின் பழைய சகாக்களுக்கு போன் போட்டு விசாரிப்பீர்கள், அவர்களுடைய மென்பொருள் கோடு எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்வீர்கள். கடைசியில் பணம் போடலாமா என்று முடிவெடுப்பது பார்ட்னர்கள்.

ஏஞ்சலாக, அதாவது தனி ஆளாகத் தொடக்கநிலை ஸ்டார்ட்அப்பில் சொந்தக் காசைப் போடுவது மூன்றாவது. 1998 ஆகஸ்டில் சன் நிறுவனர்களில் இன்னொருவரான ஆண்டி பெக்டோல்ஷைம் கூகுள் பெயருக்கு 1 லட்சம் டாலர் செக் எழுதினார். அப்போது அப்படியொரு கம்பெனியே பதிவாகவில்லை. செக் மேஜை டிராயரில் காத்துக் கிடந்தது. சென்னை லயோலாவில் படித்து நெட்ஸ்கேப்பில் பொறுப்பில் இருந்த ராம் ஸ்ரீராமும் அந்தத் தொடக்கப் பணத்தில் பங்கு போட்டவர். இதைக் கேட்டுவிட்டு வீட்டுக் கடன் பாக்கியிருப்பவர்கள் கிளம்பிவிடக்கூடாது. ஏஞ்சல் முதலீடுகளில் பலவற்றில் போட்ட பணம் முழுதாகத் திரும்புவதே இல்லை.

என் ஓட்டு, இருக்கிற வேலையை விடாமல், போனாலும் தாங்கும் தொகையை நாலைந்து பேரோடு சேர்ந்து போட்டுப் பழகிவிட்டு, பிறகு இரண்டாவது வாசலைத் தட்டுவதற்கு. ஃபண்ட் இன்டர்வியூவில் எந்த கம்பெனியில் போட்டீர்கள் என்று கேட்பார்கள். எதை வேண்டாமென்று விட்டீர்கள், ஏன் என்றும் கேட்பார்கள். இந்த இரண்டாவது கேள்விக்கு எழுதிவைத்த குறிப்பைக் காட்ட முடிந்தால், எம்பிஏ இல்லாத குறை பெரிதாகத் தெரியாது.