வீட்டுப்பாடப் பழக்கத்தை ஆராய: கேள்வித்தாளா, நாட்குறிப்பா, நேர்காணலா?

தன் வகுப்பின் வீட்டுப்பாடப் பழக்கத்தை ஆராய நினைக்கும் ஆசிரியர் முதலில் கை வைப்பது கேள்வித்தாளில்தான். ஒரே பாடவேளையில் 40 பேரிடமும் வாங்கிவிடலாம், எண்ணிப் போடவும் சுலபம். அமெரிக்க உளவியலாளர் லைக்கர்ட் 1932இல் கொண்டுவந்த அளவுகோலின் பாணியில் ‘எப்போதும், அடிக்கடி, எப்போதாவது’ என்று கட்டம் போட்டால் வேலை முடிந்தது போலத் தோன்றும்.

அந்த ‘அடிக்கடி’யில்தான் சிக்கல். ஒருத்திக்கு அது வாரத்தில் நாலு நாள், பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு இரண்டு. போதாததற்கு, கேட்பவரே மதிப்பெண் போடுபவர்; எந்தப் பிள்ளை ‘செய்வதே இல்லை’ என்று டிக் அடிக்கும்? ‘கடந்த ஐந்து பள்ளி நாட்களில் எத்தனை நாள் முடித்தாய்?’ என்று கேட்டால் கொஞ்சம் தேறும். அப்போதும் பதில் நினைவிலிருந்துதான் வருகிறது.

நாட்குறிப்பு அந்த நினைவுச் சிக்கலைப் பெருமளவு தவிர்க்கிறது. அரைத் தாளில் நாலு கட்டம் போதும்: தொடங்கிய நேரம், முடித்த நேரம், எங்கே உட்கார்ந்தாய், யார் உதவினார்கள். ‘7:40 கணக்கு. 7:55 தம்பி அழுதான், எழுந்து போனேன். 8:30 மறுபடி’ என்று ஒரு குழந்தை எழுதினால், கேள்வித்தாளில் ஒரே எண்ணாகச் சுருங்கியிருக்கும் மாலைப்பொழுது நம் முன்னால் விரிகிறது.

இதிலும் ஓட்டை உண்டு. வாரக் கடைசியில் வாங்கினால் ஐந்து நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு, தினமும் சரியாக 7:00 முதல் 8:00 வரை! மொத்தமாக உட்கார்ந்து நிரப்பியது பார்த்ததுமே தெரியும். அதனால் தினமும் காலையில் வாங்கிவிட வேண்டும். அப்புறம், குறித்து வைப்பதே பழக்கத்தை மாற்றும் என்பதால், இரண்டு வாரம் எழுதச் சொல்லி முதல் இரண்டு மூன்று நாளைக் கணக்கில் சேர்க்காமல் விடுவேன்.

நோட்டுகளைப் புரட்டிப் பார்ப்பதைச் சிலர் தனி முறையாகச் சொல்கிறார்கள். முடித்தார்களா என்பது தெரியும், எப்படி முடித்தார்கள் என்பது தெரியாது. காலையில் பெஞ்சில் வைத்துக் காப்பியடித்ததும் அதில் அழகாகத்தான் இருக்கும்.

நேர்காணல்தான் ‘ஏன்’ என்பதைச் சொல்லும். 40 பேரிடம் நடக்காது. ஐந்தாறு பேர் போதும். குழுவாக உட்கார வைத்தால் ஒரே குரல்தான் கேட்கும், அதனால் தனித்தனியாக. முடிந்தால் அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஒருவர் கேட்பது நல்லது.

ஒரு பிரிவுக்கு வீட்டுப்பாடம், இன்னொன்றுக்கு இல்லை என்று பரிசோதிக்கும் ஆசையும் வரும். அது பலனை அளக்கும் முறை, பழக்கத்தை அல்ல. அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்து ஹாரிஸ் கூப்பர் குழு 2006இல் வெளியிட்ட அலசலில் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்குமான தொடர்பு மேல்வகுப்புகளில் வலுவாகவும் தொடக்க வகுப்புகளில் பலவீனமாகவும் இருந்தது. ஆனால் தொடர்பு என்பது காரணம் ஆகிவிடாது. நன்றாகப் படிக்கிற பிள்ளை கூடுதலாக எழுதுவதாலும் அந்த எண் வரலாம்.

நான் திட்டமிட்டால் நாட்குறிப்பில் தொடங்குவேன். அதில் விசித்திரமாகத் தெரியும் ஐந்து பேரிடம் பேசிவிட்டு, அவர்கள் சொன்ன வார்த்தைகளை வைத்தே கடைசியில் கேள்வித்தாள் தயாரிப்பேன். பெற்றோர் ஒப்புதல் முதல் நாளுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். தாள்களில் பெயருக்குப் பதில் எண். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் தனி உறையில்.