தமிழ் இணையதளம் அமைப்பவருக்கு எந்த எடிட்டர், எந்த பிரவுசர்?

ஆரணிப் பட்டுக்கடைக்கும் ஆம்பூர் பிரியாணிக் கடைக்கும் தமிழிலேயே இணையதளம் அமைத்துத் தருபவன் என்ற முறையில், தமிழ் எழுத்தை எப்படிக் கையாள்கிறது என்பதை வைத்தே ஒரு கருவியை நான் எடைபோடுகிறேன்.

நிரல் எழுத உதவும் எடிட்டர்களில் விஎஸ் கோட் எனக்குப் போதுமானது. மைக்ரோசாஃப்ட் 2015இல் வெளியிட்ட இந்த இலவச மென்பொருளில், இணையப் பக்கத்தை எழுதப் பயன்படும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றுக்கும் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஆனால் ஒரு பிரவுசரையே உள்ளடக்கிய எலக்ட்ரான் என்ற கட்டமைப்பின் மீது கட்டப்பட்டிருப்பதால் நினைவகத்தை நிறையவே எடுத்துக்கொள்கிறது. 4 ஜிபி மடிக்கணினி வைத்திருக்கும் வேலூர் மாணவர்களுக்கு நோட்பேட்++ அல்லது சப்லைம் டெக்ஸ்டையே பரிந்துரைக்கிறேன். எடிட்டர் தேர்வில் நெடுநேரம் குழம்ப வேண்டாம். அடோபி தன் பிராக்கெட்ஸ் எடிட்டரை 2021இலும், கிட்ஹப் தன் ஏட்டம் (Atom) எடிட்டரை 2022இலும் கைவிட்டபோது, அவற்றில் எழுதிய கோப்புகளை வேறு எடிட்டரில் அப்படியே திறக்க முடிந்தது.

உண்மையில் ஆழ்ந்து யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது பக்கத்தின் உள்ளமைப்பை ஆராய பிரவுசரிலேயே இருக்கும் டெவலப்பர் கருவிகளைத்தான். இங்கே ஃபயர்பாக்ஸுக்கே என் முதலிடம். தலைப்புக்கு பாப்பின்ஸ் எழுத்துருவைக் குறிப்பிட்டிருப்போம். அதில் தமிழ் எழுத்துகள் கிடையாது என்பதால், விண்டோஸ் பெரும்பாலும் நிர்மலா யூஐயிலும் ஆண்ட்ராய்டு நோட்டோ சான்ஸ் தமிழிலும் அதே தலைப்பைக் காட்டும், வரி உடையும் இடமும் மாறிவிடும். ஃபயர்பாக்ஸின் டெவலப்பர் கருவிகளில் ஒன்றான இன்ஸ்பெக்டரில் எழுத்துருக்களுக்கென்றே உள்ள பகுதி, உண்மையில் எந்த எழுத்துரு பயன்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறது. வரி உயரத்தையும் அங்கேயே நகர்த்திப் பார்க்கலாம். கடைப் பெயரின் முன்னால் வரும் 'ஸ்ரீ'யின் மேல்சுழி, எழுத்தளவைப் போல் 1.2 மடங்கு வரி உயரத்தில் வெட்டுப்பட்டிருந்தால், 1.6க்கு நகர்த்தியதும் முழுமையாகத் தெரியும் அந்தக் காட்சிக்காகவே இக்கருவியை நேசிக்கிறேன்.

குரோமிலும் எழுத்துருவைக் கண்டறியலாம், ஆனால் இறுதியாகப் பயன்பட்ட சிஎஸ்எஸ் மதிப்புகளைக் காட்டும் கம்ப்யூட்டட் பட்டியலின் அடிவரை இறங்க வேண்டும். அதன் வலிமை வேறு: இணைய வேகத்தை வேண்டுமென்றே குறைத்துச் சோதிக்கலாம், யுஎஸ்பி கம்பியில் ஆண்ட்ராய்டு கைபேசியை இணைத்து, அதில் திறந்திருக்கும் பக்கத்தைக் கணினியிலிருந்தே ஆராயலாம். கணினித் திரையில் கைபேசியின் அளவைப் பாவித்துக் காட்டும் வசதியை மட்டும் நம்பக் கூடாது, ஏனெனில் அது கணினியின் எழுத்துருவையே காட்டுகிறது. 360 பிக்சல் அகலத்தில் 'தொடர்புகொள்ளவும்' என்ற பொத்தான் பிதுங்குகிறதா என்பது உண்மையான கைபேசியில்தான் உறுதிப்படும். பிதுங்கினால், சொல்லை நடுவே உடைக்கும் சிஎஸ்எஸ் விதியைச் சேர்ப்பதைவிட, 'அழைக்க' என்று மாற்றிவிடுவதே நல்லது.