கேத் டேட்டாபேஸ்: புரோட்டீன் ஸ்ட்ரக்சர் படிக்கிறவங்க கண்டிப்பா பாருங்க

புரோட்டீன்களை உருவத்தை வச்சு வகை பிரிக்கிற சைட்ல எனக்கு ரொம்ப பிடிச்சது லண்டன் யுசிஎல் யுனிவர்சிட்டி நடத்துற கேத் (CATH) தாங்க, முழுக்க ஃப்ரீ. புரோட்டீனை டொமைன் டொமைனா (தனியா மடிஞ்சு நிக்கிற துண்டுகளா) பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் நாலு நம்பர் குடுக்கறாங்க... ஹீமோகுளோபினைத் தேடுங்க, 1.10.490.10னு வரும். முதல் 1னா பெரும்பாலும் ஆல்ஃபா ஹெலிக்ஸ் (ஸ்பிரிங் மாதிரி சுருண்ட பகுதி), அடுத்த 10 அந்த ஹெலிக்ஸ்லாம் எப்படி அடுக்கியிருக்குன்னு, 490 எந்த வரிசையில கோர்த்திருக்குன்னு, கடைசி 10 ஒரே மூதாதைல இருந்து வந்த குடும்பம். தசைல இருக்கற மயோகுளோபினுக்கும் இதே நம்பர்தான்! அமினோ ஆசிட் வரிசை எவ்வளவோ மாறியும் உருவம் அப்படியே நிக்குது, எனக்கு பார்க்கவே சிலிர்க்குது.

குறைன்னா ஒண்ணுதான். ஆல்ஃபாவும் பீட்டாவும் (நீட்டி விட்ட இழைகள் பக்கத்துல பக்கத்துல அடுக்கின பகுதி) கலந்தது எல்லாத்தையும் முதல் நம்பர் 3ங்கற ஒரே கிளாஸ்ல போட்டுட்டாங்க. கேம்பிரிட்ஜ்ல 1994ல ஆரம்பிச்ச ஸ்காப்னு (SCOP) இதே மாதிரி இன்னொரு டேட்டாபேஸ் இருக்கு, அதுல ரெண்டும் மாறி மாறி வர்றது தனி, ஆளுக்கொரு பக்கமா ஒதுங்கி இருக்கறது தனி. இந்த விஷயத்துல ஸ்காப்தான் பெஸ்ட், நிபுணர்கள் கண்ணால பார்த்து பார்த்து பிரிச்சது அது. எம்எஸ்சி பசங்க கேத்ல ஆரம்பிங்க, அதே புரோட்டீனை ஸ்காப்லயும் போட்டுப் பாருங்க.