ரிலே சோதனைக்கு ஆமிக்ரான் சிஎம்சி 356

துணை மின் நிலையங்களில், ஃபால்ட் (மின்பழுது) வந்தால் டிரிப் கொடுத்து, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லி, காக்கும் பாதுகாப்பு ரிலேக்களைச் சோதிப்பது என் வேலை. 2009-இல் சேர்ந்தபோது வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட்டைத் திருகிக் கரண்டை ஏற்றுவேன். கரண்ட் மிஞ்சினால் டிரிப் கொடுக்கும் பழைய வகை சிடிஜி ரிலேயின் தட்டு சுழலத் தொடங்கியதும் உதவியாளர் ஸ்டாப்வாட்சை அழுத்துவார். செட்டிங்கின் இரு மடங்கு கரண்டில், டைம் மல்டிபிளையர் (தாமதத்தைக் கூட்டிக் குறைக்கும் அளவு) 1 என்றால், டிரிப் ஆகச் சுமார் 10 வினாடி. அதற்குக் கண்ணும் விரலும் போதும்.

வோல்டேஜையும் கரண்டையும் வைத்து ஃபால்ட் எவ்வளவு தூரத்தில் என்று கணிக்கும் டிஸ்டன்ஸ் ரிலேக்குப் போதாது. மூன்று வோல்டேஜ், மூன்று கரண்ட், அவற்றுக்கிடையே சரியான கோணம் என எல்லாம் ஒரே நொடியில் மாற வேண்டும். அதற்கான சோதனைப் பெட்டிதான் ஆமிக்ரான் சிஎம்சி 356. இது தலா 32 ஆம்பியரில் ஆறு கரண்டும், தலா 300 வோல்ட்டில் நான்கு வோல்டேஜும் தருகிறது. நிலைகளை அடுத்தடுத்து ஓட்டும் இதன் ‘ஸ்டேட் சீக்வென்சர்’ ஒன்றுக்காகவே இதை வாங்கலாம். முதல் நிலையில் 63.5 வோல்ட், சாதாரண லோடு. அடுத்த நிலையில் ஃபால்ட். டிரிப் வந்த நேரம் மில்லி வினாடியில் திரையில் தெரியும்.

டிரிப் ஆகக்கூடாத நிலையையும் இதில் உண்டாக்கலாம். எனக்கு அதுதான் பெரிது. 2012 ஜூலை 30 அதிகாலையில் பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் லைனில் ஃபால்ட் எதுவும் இல்லை. கடும் லோடையும் தாழ்ந்த வோல்டேஜையும் ஃபால்ட்டாக எடுத்துக்கொண்டு டிஸ்டன்ஸ் ரிலேயின் மூன்றாம் ஜோன் (தொலைவிலுள்ள ஃபால்ட்டைக் கவனிக்கும் எல்லை) டிரிப் கொடுத்தது. வட இந்தியாவே இருண்டது. அதனால் எந்த டிஸ்டன்ஸ் ரிலே கைக்கு வந்தாலும் வோல்டேஜைத் தாழ்த்தி, லோடை ஏற்றி, அது சும்மா இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுகிறேன்.

ஆனால் சோதனை வயர்களைச் செருகும் டெஸ்ட் பிளாக்குக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று இந்தப் பெட்டிக்குத் தெரியாது. ஒரு நூற்பாலையில், டிரான்ஸ்ஃபார்மரின் இரு பக்கக் கரண்டையும் ஒப்பிடும் டிஃபரன்ஷியல் ரிலே எல்லாச் சோதனையிலும் தேறியது. லோடு ஏற்றிய சில நிமிடங்களில் டிரிப். ஒரு ஃபேஸில் சி.டி.யின் (கரண்டைக் குறைத்து ரிலேக்குத் தரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரின்) எஸ்1, எஸ்2 வயர்கள் இடம் மாறியிருந்தன. நேரமில்லை என்று சி.டி.யின் பிரைமரி பக்கமிருந்து கரண்ட் செலுத்தி, ரிலே சும்மா இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்டெபிலிட்டி சோதனையை நான்தான் விட்டிருந்தேன். இப்போது யார் அவசரப்படுத்தினாலும் விடுவதில்லை.

எடை 16 கிலோவுக்கு மேல். மாடியில் கன்ட்ரோல் ரூம் என்றால் இருவராகப் போங்கள். ஆண்டுக்கு நான்கைந்து வேலைதான் வரும் என்றால் வாடகைக்கு எடுப்பதே நல்லது. எடுக்கும்போது கேலிபிரேஷன் சான்றிதழின் தேதியைப் பார்த்து வாங்குங்கள்.