கே.ஆர்.புரம் பக்கத்து முதியோர் இல்லம்: பதினோரு மாத அனுபவம்

இல்லத்தின் பெயரைப் போடவில்லை. அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். நான் இங்கே எழுதியதற்கு அவள் அங்கே பதில் சொல்லும்படி ஆகக் கூடாது. பெங்களூர் கே.ஆர்.புரம் ஹேங்கிங் பிரிட்ஜைத் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே, மூன்று மாடி, நாற்பது படுக்கை. அடையாளம் இவ்வளவு போதும்.

அம்மாவுக்கு 83 வயது. அப்பா ஐ.டி.ஐ.யில் (டெலிபோன் தயாரிக்கிற அரசு ஃபேக்டரி) வேலை பார்த்தவர். தூரவாணி நகர் குவார்ட்டர்ஸில்தான் நானும் அக்காவும் வளர்ந்தோம். அம்மாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. போன வருடம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷனுக்கு அப்புறம் மறதி மளமளவென்று ஏறிவிட்டது. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். ஏஜென்சியிலிருந்து வந்த ஆயாக்கள் ஆறு மாதத்தில் நாலு பேர் மாறினார்கள். கடைசி ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்ற அன்றைக்குத்தான் இல்லம் தேடத் தொடங்கினேன்.

கட்டிடத்தைக் குறை சொல்ல முடியாது. கழிப்பறையில் இரண்டு பக்கமும் கைப்பிடி, தடுக்கிவிடுகிற வாசற்படி எங்கும் இல்லை, லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சர் நுழைகிறது. (நுழையாத இடம் இரண்டு பார்த்தேன். அவசரம் என்றால் நாற்காலியில் உட்கார வைத்துப் படியில் தூக்கி வருவார்களாம்.) மூத்திர நாற்றம் இல்லை. இதையெல்லாம் பார்த்துத்தான் சேர்த்தேன். இதை மட்டும் பார்த்துச் சேர்த்திருக்கக் கூடாது.

மாதம் 42,000 ரூபாய், ஓர் அறையில் இரண்டு பேர். மூன்று மாத அட்வான்ஸ். டயபர், மருந்து, பிசியோதெரபி எல்லாம் தனி. போன மாத பில் 51,300. அக்கா பாதி கொடுக்கிறாள்.

சாப்பாடு சூடாக வருகிறது, சுத்தமாக இருக்கிறது. ஆனால் சாம்பாரில் வெல்லம். எங்கள் சொந்த ஊர் ஆம்பூர் பக்கம். அம்மா அறுபது வருடம் பெங்களூரில் இருந்தும் இந்த விஷயத்தில் மட்டும் இறங்கி வரவில்லை. முதல் நாளே, "பாயசத்துல முருங்கைக்காய் போட்டிருக்கானுங்க" என்றாள். ராகி முத்தே போடுகிற நாளில் மட்டும் தட்டு காலி. எங்கள் ஊர்க் களிதானே அது. சர்க்கரைக்காரர்களுக்கு எதற்கு வெல்லம் என்று கேட்டேன். "ஒரு சிட்டிகைதான் சார்" என்றார் மேனேஜர். இப்போது வாரம் இரண்டு முறை வீட்டிலிருந்து புளிக்குழம்பு போகிறது.

வெல்லத்தை விட என்னைப் பயமுறுத்தியது வேறு. மூன்றாவது மாதத்தில் ஒருநாள் ஆறரைக்கு இன்சுலின் போட்டுவிட்டார்கள், டிபன் வந்தது ஏழேகாலுக்குக் கொஞ்சம் முன்னால். கேஸ் தீர்ந்துவிட்டதாம். அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, மிஷினில் பார்த்தால் 58. எழுபதுக்குக் கீழே போனாலே உடனே ஏதாவது கொடுத்தாக வேண்டும். நல்லவேளை, சிஸ்டர் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்திருக்கிறார். அவர் செய்தது சரி. ஆனால் தட்டு கண்ணில் படுவதற்கு முன்னால் ஊசியைப் போட்டது தப்பு. இப்போது அம்மாவின் ஃபைலில் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: தட்டு வந்த பிறகு ஊசி.

சரி, நான் எழுத உட்கார்ந்தது அம்மாவைப் பார்த்துக்கொண்ட அட்டெண்டர், அந்த ஜார்க்கண்ட் பெண்ணைப் பற்றி.

இருபத்திரண்டு வயது இருக்கும். அம்மாவுக்குத் தமிழும் குவார்ட்டர்ஸ் கன்னடமும்தான் தெரியும், அந்தப் பெண்ணுக்கு இந்தி. "சாப்பிடு", "போதும்", "வலிக்குதா" என்று மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தினாள். காலையில் குளிப்பாட்டும்போது அம்மா அவளைத் திட்டித் தீர்ப்பாள். மொழி புரியாததால் பிழைத்தாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போன் வந்தது. சிஸ்டர் பேசினார்: "அட்டெண்டர் ஏதோ சொல்கிறாள் சார், உங்கள் அம்மா இன்றைக்கு அவளைத் திட்டவே இல்லையாம்." காய்ச்சல் இல்லை, பிரஷர் சரி, சாப்பிட்டும் இருக்கிறாள். ஆனால் திட்டவில்லை. டாக்டர் வந்து மூத்திரப் பரிசோதனை செய்தால் இன்ஃபெக்‌ஷன். வயதானவர்களுக்கு அது சில நேரம் காய்ச்சலோ எரிச்சலோ காட்டாமல் திடீர்க் குழப்பமாகவோ மந்தமாகவோதான் வெளியே தெரியும். மாத்திரையிலேயே சரியாகிவிட்டது. நானே பக்கத்தில் இருந்திருந்தால்கூட, "பரவாயில்லை, இன்றைக்கு அம்மா அமைதியாக இருக்கிறாள்" என்று சந்தோஷப்பட்டிருப்பேன்.

இன்னொன்று. சாயங்காலம் நாலரை ஆனால் அம்மாவுக்கு ஐ.டி.ஐ. சங்கு காதில் கேட்கும். "அப்பா வர்ற நேரமாச்சு, டீ போடு" என்பாள். அப்பா போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. அந்தப் பெண் என்னிடம் ஒரு தரம் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கப்புறம் தினமும் "டீ போட்டாச்சு அஜ்ஜி" (கன்னடத்தில் அஜ்ஜி பாட்டி, அஜ்ஜா தாத்தா) என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். அவ்வளவுதான், அம்மா அடங்கிவிடுவாள். அவள் லீவில் இருந்த ஒரு நாள் வேறொருத்தி, "அஜ்ஜா இல்ல, செத்துப் போயிட்டார்" என்று பொறுமையாக விளக்கியிருக்கிறாள். அம்மாவைப் பொறுத்தவரை அப்பா அன்றைக்குத்தான் செத்தார். ராத்திரி முழுக்க அழுகை.

ஆடி மாதம் அந்தப் பெண் போய்விட்டாள். ஒயிட்ஃபீல்டில் ஒரு வீட்டு வேலை, நாலாயிரம் அதிகம். நான் கொடுக்கிற 42,000-இல் அவள் கைக்குப் போனது எவ்வளவு என்று அப்போதுதான் கேட்டேன். பதினான்காயிரம், தங்க இடம், சாப்பாடு. போகாமல் என்ன செய்வாள்?

அவள் போன இரண்டாவது வாரம் அம்மாவுக்கு வைரல் காய்ச்சல், ஒன்பது நாள் படுக்கை. டின் ஃபேக்டரி ஜங்ஷன் டிராஃபிக்கில் மாட்டி ஒருநாள் ராத்திரி ஒன்பது ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தேன். மருந்து கொண்டுவந்திருக்கிறேன் என்றதும் வாட்ச்மேன் விட்டார். கட்டிலின் கால்மாட்டில் சார்ட் தொங்கியது: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்ததற்குக் கையெழுத்து. பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு. ஐந்து கட்டத்திலும் ஒரே நீல மையில், ஒரே சாய்வில் கையெழுத்து. மணி இன்னும் பத்தே ஆகவில்லை.

போட்டோ எடுத்துக்கொண்டேன். அம்மாவை ஒருக்களிக்க வைத்துப் பார்த்தால் முதுகுத்தண்டின் அடியில் ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு. இடுப்பு ஆபரேஷன் சமயத்தில் வார்டு சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார்: விரலால் அழுத்தி எடு, வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் பிழைத்தாய், வெளுக்கவே இல்லை என்றால் படுக்கைப் புண் ஆரம்பம். அழுத்தினேன். வெளுக்கவில்லை.

ராத்திரி நாற்பது பேருக்கு இரண்டே அட்டெண்டர். எழ முடியாதவர்கள் பதினோரு பேர். இரண்டு பேரும் சேர்ந்து ஒருவரைத் திருப்பி, டயபர் மாற்றப் பத்து நிமிடம் என்றால், ஒரு சுற்று முடிந்த கையோடு அடுத்த சுற்று வந்துவிடும். நடுவில் பெல் அடித்தால் அதுவும் இல்லை. கள்ளக் கையெழுத்துப் போட்டவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

மேனேஜர் மறுநாள், "ஏர் பெட் போட்டிருக்கிறோமே சார், திருப்ப வேண்டியதில்லை" என்றார். ஏர் பெட் போட்டாலும் திருப்பித்தான் ஆக வேண்டும். போட்டோவைக் காட்டியதும் பேச்சு மாறியது, மாலையில் ஓனரே கூப்பிட்டார். அக்கா 14567-க்குப் போன் போடச் சொன்னாள் (முதியோர் உதவி எண், காலை எட்டு முதல் இரவு எட்டு வரை எடுப்பார்கள்). அந்த அளவுக்குப் போகவில்லை. ஒரு வாரத்தில் ராத்திரிக்கு மூன்றாவது ஆள் வந்தது. சார்ட்டில் இப்போது திருப்பிய நேரத்தைக் கையால் எழுத வேண்டும், எந்தப் பக்கம் என்றும் எழுத வேண்டும். சிவப்பு மூன்று வாரத்தில் மறைந்தது.

மற்றதெல்லாம் சில்லறை. அம்மா மேல் இரண்டு முறை யாருடைய நைட்டியோ இருந்தது. காது மிஷின் ஒன்று துணியோடு வாஷிங் மிஷினுக்குப் போனது, பாதி விலையை அவர்களே கொடுத்தார்கள்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். இடம் பார்க்கப் போகிறவர்கள் பகலில் போகாதீர்கள், ராத்திரி ஒன்பதரைக்குப் போங்கள். விடமாட்டேன் என்றால் அதுவே ஒரு பதில். அட்டெண்டர்களில் ஒரு வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று மேனேஜரைக் கேட்காமல் அட்டெண்டர்களையே கேளுங்கள்.

அம்மாவை மாற்றவில்லை. ஆபீசில் ஒருவரிடம் இந்தியில் எழுதி வாங்கிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறேன்: நாலரைக்கு டீ கேட்பார், போட்டாச்சு என்று சொல்லவும், அஜ்ஜாவைப் பற்றி வேறு எதுவும் சொல்ல வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை புதிதாக வந்த ஒரு பெண் அதை நின்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். சமையலறைக்குப் போய் நிஜமாகவே ஒரு டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். சர்க்கரை போட்டு.